முறமும் காந்தச் சுழலும்



விழா மலரில் சரித்திரக் கட்டுரை என்றால் அரசர்களும் போர்களும் கோட்டைகளும்தான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இந்த முறை வாள் பிடித்தவர்களை விட்டுவிட்டு, வோல்ட்மீட்டர் பிடித்தவர்களின் சரித்திரத்தைச் சொல்லலாம் என்று எண்ணினேன். மலர்க் குழுவினரிடம் சொன்னதும், "எழுதுங்க சார், ஆனா பிள்ளைங்களுக்குப் புரியணும்" என்றார்கள். ஆகவே எங்கள் பாட்டியிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்தக் காலத்துத் தோட்டத்துக் கடை அரிசியில் கல் இல்லாமல் இருக்காது. பாட்டி லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, பால் டின்னில் அளந்த அரிசியை முறத்தில் கொட்டி நேம்புவார். கை முன்னே போகும், பின்னே வரும். மறுபடி முன்னே, மறுபடி பின்னே. முறம் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். ஆனால் கல் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்! ஒருவரும் கல்லைத் தள்ளவில்லை. போன தூரமும் வந்த தூரமும் ஒன்றுதான். பின் எப்படி அது ஒரே திசையில் நடந்தது?

சின்ன வயதில் நான் பாட்டியிடமே கேட்டேன். "முறத்துல பாதி, கையில பாதிடா" என்றார். இந்தப் பதில் எவ்வளவு சரியானது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. முறத்துக்கு மூன்று பக்கம் வரம்பு, ஒரு பக்கம் வாய். அதைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அது முறத்தின் பங்கு. கையோ ஒரு பக்கம் வெடுக்கென்று சுண்டும், மறுபக்கம் மெல்ல வரும். அது கையின் பங்கு. இவ்விரண்டு தந்திரங்களையும், கண்ணுக்கே தெரியாத காந்தச் சுழல் ஒன்றின்மேல் பிரயோகிக்க உலகத்து விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதைதான் இது.

கதை குளிரில் தொடங்குகிறது. குளிர் என்றால் கேமரன் மலைக் குளிர் அல்ல. ஹாலந்து நாட்டு லைடன் நகரில் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ் என்ற பேராசிரியர், 1908 ஜூலை 10ஆம் நாள், ஹீலியம் வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கினார். நீர் உறையும் நிலைக்குக் கீழே 269 டிகிரி! இதற்கும் கீழே போகப் போக உலோகங்களில் மின்சாரம் எப்படி ஓடும் என்று அறிய அவருக்கு ஆவல். 1911 ஏப்ரலில் பாதரசத்தைக் குளிரவைத்து அளந்தார்கள். கருவியின் முன் அமர்ந்து அளந்தவர் ஹில்லஸ் ஹோல்ஸ்ட் என்ற உதவியாளர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேராசிரியர்களின் பெயர் நிற்கும் அளவுக்கு உதவியாளர்களின் பெயர் நிற்பதில்லை. பாதரசத்தின் மின்தடை குறைந்துகொண்டே வந்து, 4.2 கெல்வினில் அடியோடு காணாமற் போயிற்று. தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் இத்தகைய பொருளை மீக்கடத்தி என்கிறோம். 1933இல் பெர்லினில் மைஸ்னர், ஓக்சன்பெல்ட் என்ற இருவர் இன்னொரு வியப்பைக் கண்டார்கள். மீக்கடத்தி தன் உடலுக்குள் காந்தப்புலத்தை அண்டவிடாமல் வெளியே தள்ளிவிடுகிறது.

அப்படியானால் காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் ஒட்டே இல்லை என்றுதானே எல்லோரும் முடிவு கட்டுவார்கள்? கட்டினார்கள். கட்டாதவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

அவர் பெயர் லெவ் ஷுப்னிகோவ். 1901இல் பிறந்த ரஷ்யர். லைடனுக்கே சென்று குளிர்க் கலையைக் கற்றுக்கொண்டு, உக்ரேனின் கார்கோவ் நகருக்குத் திரும்பி, அங்கே சோவியத் நாட்டின் முதல் தாழ்வெப்ப ஆய்வுக்கூடத்தை நிறுவினார். தூய உலோகத்தை விட்டுவிட்டு, ஈயத்தோடு வேறு உலோகம் கலந்த படிகங்களை மிகவும் பொறுமையாக வளர்த்து அளந்தார். அவர் கண்டது இது: கலப்பு உலோகத்தில் காந்தப்புலம் ஒரு வரம்பு வரை உள்ளே வருவதில்லை. அந்த வரம்பைத் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழைகிறது, ஆனால் மீக்கடத்தும் தன்மை போய்விடுவதில்லை. இன்னும் வெகுதூரம் போய் இரண்டாவது வரம்பு ஒன்றைத் தொட்டால்தான் அது அழிகிறது. இரண்டு வரம்புகளுக்கும் நடுவே காந்தமும் மீக்கடத்தியும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன! 1936, 1937 ஆண்டுகளில் இந்த முடிவுகள் அச்சாயின. 1937 ஆகஸ்டில், செய்யாத குற்றம் சுமத்தி அவரைக் கைது செய்தார்கள். நவம்பர் மாதத்தில் சுட்டுக் கொன்றார்கள். வயது 36. ஸ்டாலின் காலத்தில் அப்படி மாண்டவர்கள் கணக்கில்லாதவர்கள்.

அவர் விட்டுச்சென்ற அளவுகளுக்கு இருபது ஆண்டு கழித்துத்தான் பொருள் கிடைத்தது. மாஸ்கோவில் அலெக்சி அப்ரிகோசவ் என்ற இளைஞர், காந்தப்புலம் உள்ளே எந்த உருவில் நுழைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். நூல் நூலாக நுழைகிறது என்று விடை வந்தது. ஒவ்வொரு நூலையும் சுற்றி, வடிகாலில் இறங்கும் தண்ணீர் சுழல்வது போல, மின்னோட்டம் ஓயாமல் சுழல்கிறது. இதுதான் நம் கதாநாயகன், காந்தச் சுழல். அவருடைய ஆசிரியரான மேதை லாண்டாவுக்கு இந்த எண்ணம் பிடிக்கவில்லை. அதனால் 1953லேயே போட்ட கணக்கு மேசை அறைக்குள் கிடந்தது என்று அப்ரிகோசவ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். திரவ ஹீலியத்திலும் அத்தகைய சுழல்கள் உண்டு என்று அமெரிக்காவில் பைன்மன் எழுதியதைப் பார்த்த பிறகே துணிவு வந்தது. 1957இல் கட்டுரை வெளியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க எந்த அளவுகளை எடுத்தார் தெரியுமா? ஷுப்னிகோவின் அளவுகளைத்தான்! அதே 1957இல்தான் ஷுப்னிகோவ் நிரபராதி என்று அரசு அறிவித்தது. அப்ரிகோசவுக்கு 2003இல் நோபல் பரிசு வந்தது. இன்னொருவருக்குப் பரிசு வாங்க ஆளில்லை.

ஒரு சுழலுக்குள் எவ்வளவு காந்தம் இருக்கும் என்று கேட்பீர்கள். இங்கேதான் இயற்கை கடைக்காரரைப் போல நடந்துகொள்கிறது. சில்லறையாகத் தரவே தராது. ஒவ்வொரு சுழலிலும் ஒரே அளவு காந்தப் பாயம்தான். அதில் பாதி கிடையாது, ஒன்றேகால் கிடையாது. இதை 1961இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் ஜெர்மனியில் ஒரு குழுவும் ஒரே சமயத்தில் அளந்து நிரூபித்தன. அந்த அலகு மிக நுண்ணியது. மெல்லிய மீக்கடத்தித் தகடு ஒன்றை நம் நாட்டில் பூமியின் காந்தப்புலத்துக்கு நேர் எதிரே பிடித்தீர்களானால், 1 சதுர மில்லிமீட்டர் பரப்பில் வந்து விழுவது ஏறத்தாழ 20,000 அலகுகள். 1967இல் ஸ்டுட்கார்ட் நகரத்தில் எஸ்மான், டிரௌபிளே இருவரும் மீக்கடத்தியின் மேல் காந்தப் பொடிப் புகையைப் படியவிட்டு, சுழல்கள் தேன்கூட்டு ஒழுங்கில் அணிவகுத்து நிற்பதைப் படமெடுத்தார்கள். அதுவரை காகிதத்தில் இருந்தது கண்ணுக்குக் காட்சியாயிற்று.

நிற்க. இந்தச் சுழல்களை அன்று யாரும் விரும்பவில்லை. மீக்கடத்தியில் மின்னோட்டம் செலுத்தினால் அது சுழல்களை ஒரு பக்கமாகத் தள்ளும். சுழல் நகர்ந்தால் மின்னழுத்தம் எழும். மின்னழுத்தம் எழுந்தால் தடை வந்துவிட்டது என்று பொருள். தடையில்லாப் பொருள் என்று காசு கொட்டி வாங்கினால் அதிலும் தடையா! ஆகவே சுழலைக் கட்டிப்போடுவது எப்படி என்பதே பொறியியலாளர்களின் கவலையாக இருந்தது. அதை ஓடவிட்டு வேலை வாங்கலாம் என்ற எண்ணம் வர வேறொரு கருவி பிறக்க வேண்டியிருந்தது.

அந்தக் கருவியின் பெயர் ஜோசப்சன் சந்தி. இரண்டு மீக்கடத்தித் துண்டுகள், நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு படலம். படலத்தின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஒன்றிரண்டு பங்கு. பிரையன் ஜோசப்சன் 1962இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். வயது 22. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பிலிப் ஆண்டர்சனின் விரிவுரைகளில் அமர்ந்து கேட்டவர், கேட்டதோடு நிற்காமல் கணக்குப் போட்டார். மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் சோடி சோடியாகச் செல்கின்றன. அந்தச் சோடிகள் நடுப்படலத்தை ஊடுருவி, எந்த மின்னழுத்தமும் இல்லாமலே அக்கரை சேரும் என்று விடை வந்தது.

இதை மறுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜான் பார்டீன்! டிரான்சிஸ்டர் கண்டுபிடிப்புக்காக 1956இல் நோபல் பரிசு வாங்கியவர். மீக்கடத்தி ஏன் மீக்கடத்துகிறது என்பதை 1957இல் கூப்பர், ஷ்ரிஃபர் ஆகியோரோடு விளக்கியவரும் அவரே. அந்தத் துறையில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. 1962 செப்டம்பரில் லண்டனில் நடந்த மாநாட்டில் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். ஒரு பக்கம் பெரியவர், மறுபக்கம் மீசை முளைத்தும் முளைக்காத பையன் என்று நாம் கற்பனை செய்துகொள்ளலாம். அடுத்த ஆண்டே ஆண்டர்சனும் ஜான் ரோவலும் பெல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். பையன் சொன்னதுதான் சரி! பார்டீனும் பிறகு ஏற்றுக்கொண்டார். பெரியவரைக் குறைவாகப் பேசுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. சோதனைக்கு முன் அவருடைய ஐயம் நியாயமானதே. 1973இல் நோபல் பரிசில் ஜோசப்சனுக்குப் பங்கு கிடைத்தபோது அவருக்கு வயது 33.

இந்தச் சந்தியை நீளமாகச் செய்தால் நடுப்படலத்துக்குள்ளும் காந்தச் சுழல் வந்து தங்கும். கலப்பு உலோகத்துச் சுழலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது சேற்றில் நடக்கும் எருமை. இது தார்ச் சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள். தடுப்பவர் இல்லையேல் ஒளி வேகத்தில் சில விழுக்காடு வரை எட்டிவிடும். அதாவது நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர். நீங்கள் கண்ணை இமைத்து முடிப்பதற்குள் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பிவிடலாம்!

இந்தச் சுழலை மனத்தில் காண ஒரு வழி சொல்கிறேன். நீண்ட ரப்பர் கயிறு ஒன்றில் வரிசையாகக் கரண்டிகளைத் தொங்கவிடுங்கள். ஒரு முனையில் உள்ள கரண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டால் அந்த முறுக்கு கயிறு வழியே கரண்டி கரண்டியாகக் கடந்து மறுமுனைக்குப் போகும். எந்தக் கரண்டியும் இடம் மாறவில்லை. முறுக்குதான் பயணம் செய்தது. அரை முறுக்கு நிற்காது, அவிழ்ந்துவிடும். முழு முறுக்கு மட்டுமே உயிரோடு இருக்கும். சந்தியில் ஓடும் சுழலும் இத்தகைய முறுக்குதான். 1973இல் பெல் ஆய்வுக்கூடத்து ஃபுல்டன், டைன்ஸ் இருவரும் ஒற்றைச் சுழல் சந்திக்குள் ஓடுவதை ஆராய்ந்து எழுதினார்கள். ஒவ்வொரு சுழலும் கடந்து போகும்போது ஒரு சிறு மின்துடிப்பு எழும். அதன் அளவு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட், ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு. சுழல் வந்தால் 1, வராவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டால் கணினி வேலைக்கு ஆயிற்றல்லவா? 1985இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் லிகாரெவ், செம்யோனவ், முகானவ் ஆகியோர் இந்த அடிப்படையில் ஒரு சுற்று முறையையே வகுத்தார்கள். ஷுப்னிகோவைச் சுட்ட நாட்டிலேயே!

சுழலால் வரும் தொல்லையையும் சொல்ல வேண்டும். இரண்டு சந்திகளை ஒரு வளையத்தில் வைத்தால் அதற்கு ஸ்குவிட் என்று பெயர். 1964இல் அமெரிக்காவின் போர்டு கார் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. காந்தத்தை அளக்க இதைப் போல் நுட்பமான கருவி அரிது. நம் மூளை வேலை செய்யும்போது எழும் காந்தப்புலத்தையும் இது அளக்கும். அது பூமியின் காந்தப்புலத்தில் சுமார் 50 கோடியில் ஒரு பங்கு. 1972இல் டேவிட் கோஹன் இப்படி மூளையின் காந்தத்தை அளந்து காட்டினார். வலிப்பு நோயாளிக்கு மூளையில் எந்த இடத்தில் கோளாறு என்று மருத்துவர்கள் தேட இக்கருவி உதவுகிறது. ஆனால் கருவியைக் குளிரவைக்கும்போது பக்கத்தில் இருக்கும் காந்தம் சுழல்களாக அதற்குள் மாட்டிக்கொள்ளும். மாட்டிய சுழல் சும்மா இராது. இங்கும் அங்கும் துள்ளி, அளவில் இரைச்சலைக் கலக்கும். நோயாளியின் மூளை சொல்வதைக் கேட்பதா, சுழல் போடும் சத்தத்தைக் கேட்பதா?

இந்தச் சுழல்களைக் கூட்டித் தள்ள வேண்டும். சாதாரண மின்னோட்டத்தால் தள்ளலாமே என்றால், எல்லாச் சுழல்களையும் ஒரே திசையில் ஓயாது தள்ளும் மின்னோட்டம் வேறு கோளாறுகளைக் கொண்டுவரும். முன்னும் பின்னுமாக மாறும் மின்னோட்டம் கொடுத்தால் சுழலும் முன்னும் பின்னும் ஆடும். ஆட்டம் ஆட்டமாகவே போய்விடும். ஆட்டத்தை ஓட்டமாக்குவது எப்படி?

பாட்டியின் முறம் நினைவுக்கு வருகிறதா? விஞ்ஞானிகளுக்கு நினைவுக்கு வந்தது முறம் அல்ல, பல்சக்கரம். சைக்கிளின் பின் சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலைப் பாருங்கள். பெடலை முன்னே மிதித்தால் பிடிக்கும், பின்னே மிதித்தால் டிக்டிக் என்று நழுவும். ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. காலை முன்னும் பின்னும் ஆட்டினாலும் சைக்கிள் முன்னேதான் போகும். இதை ராட்செட் என்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. "காற்றின் அணுக்கள் எந்நேரமும் அதிர்ந்துகொண்டுதானே இருக்கின்றன; மிகச் சிறிய பல்சக்கரம் செய்து வைத்தால் அந்த அதிர்விலேயே தானாகச் சுற்றுமே, மின்சாரக் கட்டணம் மிச்சமாகுமே" என்று தோன்றும். நடக்காது! 1912இல் போலந்து விஞ்ஞானி ஸ்மொலுசோவ்ஸ்கியும், 1960களின் தொடக்கத்தில் பைன்மன் தம் வகுப்பிலும் இதை விளக்கினார்கள். எல்லாம் ஒரே வெப்பத்தில் இருந்தால், பல்லைப் பிடிக்கும் நாக்கும் அதே வெப்பத்தில் துள்ளும். பிடிக்க வேண்டிய நேரத்தில் எழும்பி விட்டுவிடும். நிகர லாபம் பூஜ்யம். ஓட்டம் வேண்டுமென்றால் வெளியிலிருந்து யாராவது ஆட்ட வேண்டும், அதற்கு விலையும் கொடுக்க வேண்டும். பாட்டிக்குக் கை வலித்ததே, அதுதான் விலை.

சுழலுக்குப் பல்சக்கரம் செய்யலாம் என்ற யோசனை 1990களில் முளைத்தது. 1996இல் மாட்ரிட் நகரைச் சேர்ந்த ஸபாட்டா, சோல்ஸ் என்பவர்களும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த பார்ட்டுசெக், ஹேங்கி என்பவர்களும் ஒரு ஸ்குவிட்டை வரைந்தார்கள். வளையத்தின் ஒரு கையில் ஒரு சந்தி, மறு கையில் இரண்டு சந்திகள். இரு கையும் சமமில்லாததால், முன்பின்னாக ஆட்டினாலும் காந்த அலகுகள் வளையத்தை ஒரே பக்கமாகக் கடக்கும் என்று கணக்கில் காட்டினார்கள். 1999இல் அமெரிக்காவின் நோத்ர டேம் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று, மீக்கடத்தித் தகட்டின் தடிப்பை ரம்பப் பல் போல ஏற்ற இறக்கமாகச் செய்தால், மாறுதிசை மின்னோட்டத்தாலேயே சுழல்களை விளிம்புக்கு விரட்டி வெளியேற்றிவிடலாம் என்று எழுதியது. துடைப்பம் கண்டுபிடித்துவிட்டார்கள்! ஆனால் இவையெல்லாம் காகிதத்தில்.

கருவியில் செய்து காட்டியவர்களுள் முந்திக்கொண்டவர்கள் இத்தாலியின் சலெர்னோ நகரத்துக் காரப்பெல்லாவும் கொஸ்தாபிலேயும். 2001இல், வளைய வடிவச் சந்தி ஒன்றின்மேல் ஒரு பக்கம் சாய்ந்த காந்தப்புலத்தை அமைத்து, சுழல் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் சிரமப்பட்டும் ஓடுவதைக் காட்டினார்கள். 2003இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் மோய் என்பவரின் குழு, மிகச் சிறிய சந்திகளை வரிசையாகக் கோத்து, சுழல் மேட்டை ஏறிக் கடக்காமல் ஊடுருவியே கடக்கும் கடுங்குளிரிலும் இந்த ஒருதிசை ஓட்டம் உண்டென்று கண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 2005இல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பெக், கோல்டோபின், கோல்லெ, கிளைனர் முதலியோர் செய்த சோதனை. சிறு வளையம் ஒன்று. கீழே ஒரு நயோபிய வளையம், மேலே ஒன்று, நடுவே அந்தப் படலம். அதற்குள் ஒரே ஒரு சுழலைச் சிறை வைத்தார்கள். வளையத்துக்கு முனை இல்லை. ஆதலால் சுழல் முட்டி நிற்க வேண்டியதில்லை, செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். பிறகு வளையத்தின் ஓரிடத்தில் தனியாக ஒரு மின்னோட்டத்தைப் புகுத்தி, சுழலின் பாதையில் ஒரு மேடு செய்தார்கள். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் செங்குத்து. இதுதான் அவர்களுடைய முறம். அப்புறம் மாறுதிசை மின்னோட்டத்தால் ஆட்டினார்கள். சரிவுப் பக்கமாக வரும்போது சுழல் ஏறிக் கடந்து சுற்றிவிடுகிறது. எதிர்ப்பக்கமாக வரும்போது செங்குத்தில் முட்டி நிற்கிறது. செயல்திறன் 91 விழுக்காடு வரை சென்றது.

"சுழலைக் கண்ணால் பார்க்க முடியாதே சார், அது ஓடியது எப்படித் தெரியும்?" என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. சொன்னேனே, வோல்ட்மீட்டர் பிடித்தவர்களின் சரித்திரம் என்று! சுழல் ஒவ்வொரு சுற்றும் ஒரு அலகு காந்தத்தைச் சுமந்து செல்கிறது. ஆகவே வினாடிக்கு எத்தனை சுற்று என்பது அப்படியே மின்னழுத்தமாகத் தெரியும். முள் 1 மைக்ரோவோல்ட் காட்டினால், சுழல் நொடிக்கு 48 கோடியே 36 லட்சம் சுற்று ஓடுகிறது என்று பொருள். முன்னும் பின்னும் சமமாக ஓடியிருந்தால் சராசரி பூஜ்யம் காட்டும். முள் ஒரு பக்கம் நின்றது. ஓட்டம் ஒரு திசையில்தான்! டியூபிங்கன் குழு வேகமாக ஆட்டியபோது மின்னழுத்தம் படிக்கட்டுப் போலத் தாவித் தாவி நின்றது. ஒரு ஆட்டத்துக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுழல் எண்ணிக்கை தவறாமல் ஓடியதன் அடையாளம் அது. இன்னும் வேகமாக ஆட்டினால் தாளம் தப்புகிறது. சில வேளைகளில் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. சுழலுக்கும் நிறை உண்டல்லவா, ஓடிய வேகத்தில் நிற்க முடிவதில்லை.

பாட்டி சொன்ன மறு பாதி, கையின் பாதி? அதுவும் நடந்தது. 2004இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் உஸ்தினவ் குழுவினர், மேடு பள்ளம் செய்யாத சமமான வளையத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஆட்டும் அலையில் மட்டும் சூழ்ச்சி செய்தார்கள். ஒரு அலையோடு அதைப் போல் இரு மடங்கு வேகமுள்ள இன்னொரு அலையைக் கலந்தார்கள். கலந்தால், ஒரு பக்கம் சுருக்கென்று பலமாகவும் மறுபக்கம் மெல்ல நீண்டும் தள்ளும் அலை கிடைக்கும். கூட்டிக் கழித்தால் இரு பக்கமும் சமம். ஆனாலும் சுழல் ஒரே பக்கம் ஓடியது! வெடுக்கென்று ஒரு சுண்டு, மெதுவாக ஒரு இழுப்பு. இதை நான் முதன்முதல் படித்தபோது, லயத்து வாசலும் பாட்டியின் கண்ணாடி வளையல் சத்தமும் என் முன்னே வந்து நின்றன.

கூட்டம் சேர்ந்தால் சுழல்களும் மனிதர்களைப் போலத்தான் என்பதற்கு ஒரு செய்தி. 2003இல் மாட்ரிட் நகரத்தில் வில்லேகாஸ், விசென்ட் முதலியோர், ஜப்பானில் நோரி என்பவரோடு சேர்ந்து, நிக்கல் முக்கோணங்களை வரிசையாகப் பதித்து அவற்றின்மேல் நயோபியத் தகட்டைப் படியவைத்தார்கள். சந்தி அல்ல, சாதாரணத் தகடுதான். சுழல்கள் குறைவாக இருந்தபோது முக்கோணங்களில் உட்கார்ந்து ஒரு திசையில் நகர்ந்தன. காந்தப்புலத்தைக் கூட்டி, உட்கார இடமில்லாத சுழல்களும் வந்து சேர்ந்தபோது, அந்த இடமில்லாதவை எதிர்த்திசையில் நகர ஆரம்பித்தன! நாற்காலி கிடைத்தவர் ஒரு பக்கம், கிடைக்காதவர் மறுபக்கம். நம் பள்ளி ஆண்டுப் பொதுக்கூட்டம் போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நிர்வாகத்தினர் மன்னிப்பார்களாக.

இதெல்லாம் கடைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. உங்கள் கைப்பேசியில் காந்தச் சுழல் ஓடப்போவதில்லை. நயோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழேதான் மீக்கடத்தியாகும். அந்தக் குளிரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய முடியாது. ஐபிஎம் நிறுவனமே ஜோசப்சன் சந்திக் கணினி முயற்சியில் பல ஆண்டு செலவழித்து 1983இல் கைவிட்டது. ஆனால் இப்போது குவாண்டம் கணினிகள் எப்படியும் கடுங்குளிரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை இயக்க, அதே குளிரில் வேலை செய்யும் சுழல் சுற்றுகளைப் பயன்படுத்த ஆய்வு நடக்கிறது. அந்தக் குவாண்டம் கணினிகளுக்கு அடிகோலிய ஜோசப்சன் சந்திச் சோதனைகளை 1984, 1985 ஆண்டுகளில் செய்த கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவரும் 2025இல் நோபல் பரிசு பெற்றார்கள். நாற்பது ஆண்டு கழித்து! பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிட நேரமாகிறதே என்று முணுமுணுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பாட்டியின் முறம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஓரத்துப் பிரம்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தாலும் வேலைக்கு ஆகும். அறிவியல் மூலைக்கு வேண்டுமென்று பள்ளியில் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். இரண்டு டின் அரிசியும் நாலைந்து பொடிக் கல்லும் போட்டு நேம்பிப் பாருங்கள். கல் ஒதுங்காவிட்டால் முறத்தைக் குறை சொல்ல வேண்டாம். அந்த முறம் ஐம்பது வருஷம் வேலை செய்திருக்கிறது. கையை மாற்றிப் பாருங்கள்.